இழுப்பறையில் கிடந்த உறைகள்

திருமணம் நிச்சயமான இளைஞர்களுக்கு யூத இல்லறச் சட்டங்களைச் சொல்லிக்கொடுப்பதைப் பதினான்கு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஜெருசலேமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. ஒரு நேரத்தில் ஒரு மணமகன். ஏதோ ஒரு ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில், ஆளுக்கொரு சோடாவை முன்னால் வைத்துக்கொண்டு, ஏழெட்டு முறை பேசிப் பார்த்து ஒரு பெண்ணைத் தேர்ந்திருப்பான். அவள் விரலைக்கூடத் தொட்டிருக்கமாட்டான். அவனிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் போய்க் கேள், கூச்சப்படாதே.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்று எழுத வேண்டும் என்று பல காலமாக நினைத்தேன். என் மனைவி இதை முதலில் படித்துவிட்டாள். வெளியிடச் சொன்னவளும் அவள்தான்.

மாதவிலக்கு வந்த பெண்ணை எங்கள் சட்டம் நித்தா என்கிறது. தமிழில் தீட்டு என்று எழுதலாம், ஆனால் அந்தச் சொல் வேறொரு வீட்டைக் கண்முன் கொண்டுவந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த நாள்களிலும் அவள் சமைக்கிறாள், வெள்ளி மாலை சப்பாத் என்ற ஓய்வு நாளுக்கு விளக்கேற்றுகிறாள், பிரார்த்தனைப் புத்தகத்தை எடுக்கிறாள். விலக்கு முழுவதும் கணவன் மனைவி இருவருக்கும் நடுவில்தான். தொடக்கூடாது. கையிலிருந்து கைக்கு ஒரு பொருளைக் கொடுக்கக்கூடாது. மேசையில் வைக்க, மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் படுக்கையறையில் இரண்டு தனிக் கட்டில்கள் போட்டிருக்கிறோம். அந்த நாள்களில் விலகி நிற்கும், பிறகு சேரும்.

ஐரோப்பிய யூத மரபினரான அஷ்கெனாசிகள் நாங்கள்; எங்கள் வழக்கில் முதலில் குறைந்தது 5 நாள், அதன்பின் கறை இல்லாத 7 நாள். ஏழாம் நாள் முடிந்து, இருட்டி, நட்சத்திரம் தெரிந்தபின் அவள் மிக்வே என்ற நீர்த்தொட்டிக்குப் போய் முழுகி வருவாள். அந்த ஏழு நாளும் ஒரு சிறு வெள்ளைத் துணியால் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் எண்ணிக்கை கலைந்தது. வெளிர் மஞ்சள் என்றால் கவலையில்லை. இடைப்பட்ட பழுப்பு நிறம் வந்தால்தான் சிக்கல். துணியை உறையில் போட்டு, மதச் சட்டம் கற்ற ரப்பியிடம் அனுப்புவார்கள். அவர் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வார். பல வீடுகளில் அதை எடுத்துப்போவது கணவன்தான்.

மணமான புதிதில் ஒருமுறை எடுத்துப்போனேன். ரப்பி எனக்கு ஆசிரியர், அன்று எழுபது வயதிருக்கும். துணியை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்து, "சுத்தம்" என்று ஒரே சொல் சொல்லி மடித்துத் தந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ காது மடல் எரிந்தது. வகுப்பில் தால்முத் என்ற சட்ட விவாத நூலின் வரிகளை விவாதித்த அதே மனிதர் இப்போது என் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டதாகத் தோன்றியது.

சில ஆண்டுகள் சந்தேகம் எழவில்லை. மகள் பிறந்தாள். பிறகு இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருந்த நாள்களில் அந்தப் பழுப்பு நிறம் அடிக்கடி வரத் தொடங்கியது. மனைவி உறையைத் தயாராக மேசையில் வைத்தாள். எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரப்பி வீட்டுத் தெருமுனை வரை போனேன். திரும்பி வந்தேன்.

"என்ன சொன்னார்?"

"மறுபடி ஏழு நாள் எண்ணச் சொன்னார்."

பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். உறையை என் மேசை இழுப்பறையில், புத்தகங்களுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். கேட்காதவன் என்று மட்டும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. என் ஆசிரியர் வாயில் அவர் சொல்லாத தீர்ப்பை வைத்தேன். மூன்று ஆண்டுகளில் இப்படி ஐந்து முறை.

அப்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு சமாதானம் இருந்தது: சந்தேகம் வந்தால் கடுமையாக இருப்பதே பக்தி, கூடுதலாக ஏழு நாள் விலகியிருந்தால் என்ன பாவம் வந்துவிடும்? பாவம் வந்தது. எங்கள் வேதமான தோரா ஒரு மனைவிக்குக் கணவன் தரவேண்டிய மூன்றைச் சொல்கிறது, யாத்திராகமம் 21:10: உணவு, உடை, மூன்றாவதாக ஒனா, அதாவது உடலுறவு. உரிமை அவளுடையது, கடன் அவனுடையது. பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதற்குத் தொழில்வாரியாகக் கணக்கே வைத்திருக்கிறது. கூலித் தொழிலாளிக்கு வாரத்துக்கு இருமுறை, கழுதை ஓட்டுபவனுக்கு ஒருமுறை, ஒட்டகம் ஓட்டுபவனுக்கு முப்பது நாளுக்கு ஒருமுறை, கடலோடிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆக, சட்டம் அனுமதித்த இரவைத் தடுத்தவன் கடுமையானவன் அல்ல, கடனைத் தராதவன். இந்தப் பகுதியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. என் மனைவியின் மாதச் சுழற்சி 26 நாள். கரு தரிக்கும் நாள் ஏறக்குறைய பன்னிரண்டையொட்டியே வரும். எண்ணிக்கை ஒருமுறை கலைந்தால் அந்த மாதம் போயிற்று. அப்போது அவளுக்கு 36 வயது. நான் வீணாக்கியது வெறும் ஏழு நாள்கள் அல்ல.

1997-இல் ஜெருசலேமின் நிஷ்மத் என்ற பெண்கள் கல்வி நிலையம், நித்தா சட்டங்களில் பெண்களுக்கே வழிகாட்டப் பெண்களைப் பயிற்றத் தொடங்கியது. யோஎட்செத் ஹலாக்கா என்று அவர்களுக்குப் பெயர். பெண்கள் கூசாமல் கேட்கவேண்டும் என்பதே நோக்கம். ஆண்களிடம் கேட்க வெட்கப்பட்டு, வேண்டாத நாள்களையும் விலக்காக எண்ணிக்கொண்ட பெண்கள் நிறைய இருந்தார்கள். எங்கள் வீட்டில் வெட்கப்பட்டது பெண் அல்ல.

ஐந்தாம் முறைக்குப் பின் என் மனைவி அப்படிப் பயின்ற ஒருவரிடம் தொலைபேசியில் பேசினாள். அவர் நிறத்தைக் கேட்டார், எத்தனை முறை என்று கேட்டார். ஐந்தும் விலக்கப்பட்டது வியப்பாக இருக்கிறது, ரப்பியிடமே இன்னொருமுறை கேளுங்கள் என்றார். அவள் கிளம்பிப்போனாள். ரப்பியின் மனைவி அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தாராம். கிழவர் யோசித்துப் பார்த்துச் சொன்னாராம்: "உன் கணவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் வந்தார் அம்மா. அது சுத்தமாக இருந்தது."

அன்று இரவு அவள் இழுப்பறைச் சாவியைக் கேட்டாள். அது விலக்கு நாள். சாவியை மேசையில் வைத்தேன், எடுத்துக்கொண்டாள். ஐந்து உறைகளையும் என் முன்னால் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் தேதி. அழவில்லை. "கூச்சமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போயிருப்பேனே" என்றாள். எத்தனையோ ஆண்டுகளாகச் சட்டம் படித்தவனிடம் அதற்குப் பதில் இல்லை.

தால்முத்தில் ராவ் ரெஹூமி என்ற அறிஞரின் கதை வருகிறது. ஆண்டு முழுவதும் வெளியூரில் படிப்பார். பாவ மன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு முந்தைய நாள் மட்டும் வீட்டுக்கு வருவார். ஓர் ஆண்டு படிப்பில் மூழ்கி மறந்துபோனார். இதோ வருவார், இதோ வருவார் என்று காத்திருந்த மனைவியின் கண்ணிலிருந்து ஒரு துளி விழுந்தது. ரெஹூமி உட்கார்ந்திருந்த கூரை சரிந்து, அவர் இறந்துபோனார். மணமகன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது இன்றும் என் குரல் அடைக்கும். ரெஹூமியாவது மறந்தார்.

மறுநாள் காலை ரப்பியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தாயா? கேட்க வேண்டியது அவளிடம்" என்று திருப்பி அனுப்பினார். யோம் கிப்பூர் கடவுளுக்குச் செய்த குற்றத்தைத்தான் கழுவும். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும். கேட்டேன். உடனே கிடைக்கவில்லை. மறு ஆண்டுதான் "சரி" என்றாள்.

சட்டத்தின் மேல் பழி போட மாட்டேன். கையால் தொடாதே என்று மட்டுமே அது சொன்னது; பேசாதே என்று சொல்லவில்லை, பொய் சொல் என்றும் சொல்லவில்லை. அந்த நாள்களில் பேச்சு ஒன்றுதான் இருவருக்கும் நடுவில் மிச்சம். அதையும் நான் கெடுத்தேன்.

மணமாகப்போகும் தம்பிகளே, உறையை எடுத்துப்போக முடியவில்லை என்றால் முடியவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் போவாள், அல்லது ஒரு பெண்ணிடம் கேட்பாள்.

அந்த ஐந்து மாதங்களில் ஒன்றில் கரு தங்கியிருக்கும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. தங்கியிருக்காது என்றும் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரே மகள்.