சாவி கொடுக்க வேண்டாக் கடிகாரம்

"இதற்குச் சாவி கொடுக்கவே வேண்டாம்" என்ற பெருமையோடுதான் தானியங்கிக் கைக்கடிகாரம் எங்கள் பகுதிக்குள் நுழைந்தது. 1970, 1980களில் பெரம்பலூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டுக்கும் வளைகுடாவிலிருந்து மீண்ட சபுராளிகளின் பெட்டிகளில் டேப்ரிக்கார்டரும் அத்தர்ப் புட்டிகளும் கம்பளிப் போர்வைகளும் இருந்தன. பலர் கையில் சைக்கோ 5 மின்னியது. மற்றவை யாவும் தேய்ந்து மறைந்தன. கடிகாரங்கள் மட்டும் இன்றும் பீரோக்களில் துணி சுற்றிக் கிடக்கின்றன. "ஓடவில்லை" என்ற ஒரே காரணத்தால் அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடுவோர் உளர். அவற்றுட் பல, கையில் கட்டி இரண்டு நாள் நடமாடினாலே ஓடக்கூடியவை.

இக்கடிகாரத்துள் மின்கலம் இல்லை. எஃகுச் சுருள்வில் ஒன்று சிறிய உருளைக்குள் சுருண்டு கிடக்கிறது. பின்மூடியை ஒட்டி அரைவட்ட எடை ஒன்று அச்சில் சுழலுமாறு பொருத்தப்பட்டுள்ளது. கை அசையுந்தோறும் எடை சுழன்று பற்சக்கரங்களின் வழியே வில்லை முறுக்குகிறது. முறுக்கிய வில் சிறிது சிறிதாக அவிழ்வதே கடிகாரத்தின் ஓட்டம். சைக்கோவின் இவ்வகைப் பொறிகள் பலவற்றில் ஊசற்சக்கரம் மணிக்கு 21,600 முறை அதிர்கிறது. நாள் ஒன்றுக்கு 5,18,400 அதிர்வுகள்! இத்தனைக்கும் ஈடுகொடுத்து, முழுதும் முறுக்கிய வில் ஏறத்தாழ 40 மணி நேரம் தாங்கும். நம் முன்னோர் கணக்கில் அது 100 நாழிகை. ஒவ்வொரு நாழிகைக்கும் வட்டிலைக் காத்திருந்து கவனித்த பழந்தமிழ் நாழிகைக் கணக்கர் இதைக் கண்டிருந்தால் வியந்திருப்பர்.

வில் நிறைந்த பின்னும் கை அசைந்துகொண்டே இருந்தால் அது அறுந்துவிடாதோ என வினவலாம். அறாது. வில்லின் வெளிமுனை உருளையின் சுவரோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. நிறைந்ததும் சுவரோரமாக வழுக்கிக்கொள்ளும். பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ஜனதா போன்ற கைச்சாவிக் கடிகாரங்களில் இவ்வசதி இல்லை. அதனாலேயே, குமிழ் இறுகியதும் நிறுத்திவிட வேண்டும் என்று பெரியோர் பிள்ளைகளை எச்சரித்தனர். சைக்கோ 5இலோ குமிழ் 4 மணிக்கு அருகே உள்ளடங்கிப் பதிந்திருக்கும். நாள்தோறும் தொட வேண்டியதில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பழைய உருக்கள் பலவற்றில் அக்குமிழைத் திருகினாலும் வில் முறுகாது. அசைவு ஒன்றே அவற்றின் உணவு.

எங்கள் தந்தையாரும் அவருடைய நண்பர் ஒருவரும் தம்மாமில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே வகைக் கடிகாரம் வாங்கியவர்கள். நண்பர் ஊர் திரும்பி அரியலூர் இரயில் நிலையத்தருகே தேநீர்க் கடை வைத்தார். ஓயாது தேநீர் ஆற்றிய அவர் கையில் கடிகாரம் ஒருநாளும் நின்றதில்லை. எங்கள் தந்தையாரோ பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து படுக்கையில் விழுந்தார். அடுத்த சில வாரங்களில் அவர் இடக்கையில் இருந்த கடிகாரம் அடிக்கடி நிற்கலாயிற்று. "எனக்கு முடியாமற் போனதும் இதற்கும் முடியவில்லை" என்றார். வீட்டில் அதைக் கேட்ட எவரும் வாய் திறக்கவில்லை.

பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தை அடுத்துக் கடை வைத்திருந்த பழுதுபார்ப்பவரிடம் அதைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் சென்றபோது அவர் அதைத் தம் கையிலிருந்து கழற்றி நீட்டினார். "இரண்டு நாளும் நானே கட்டியிருந்தேன், நன்றாக ஓடுகிறது. அத்தா நடமாடுகிறாரா, தம்பி?" என்றார். பணம் பெற மறுத்துவிட்டார்.

பேரப்பிள்ளைகளில் ஒருவன் பகலில் கட்டிக்கொள்ளட்டும் என்றோம், தந்தையார் இசையவில்லை. முகப்பை மேல்நோக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் அரை நிமிடம் ஆட்டினால் நின்ற கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். காலையிலும் அந்தியிலும் நல்ல கையால் தாமே ஆட்டிக்கொண்டார். வில் முழுமையாக நிறையாதபோது ஊசற்சக்கரத்தின் வீச்சு குறையும், நேரமும் பிசகும். திருச்சி வானொலிச் செய்தியைக் கேட்டு அவர் முள்ளைத் திருத்தச் சொல்வார். அவர் மறைந்த அன்று காலையிலும் ஆட்டி வைத்திருந்தார். அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பியபோது அது ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது மணி நேரம் ஓடுமளவுக்கு வில்லில் வலு இல்லை; மறுநாள் முற்பகலில் நின்றது.

விலையுயர்ந்த கடிகாரங்களுக்கும் நெறி இதுவே. எடை முழுவட்டமாகச் சுழலும் பொறியை ரோலெக்ஸ் 1931இல் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் இன்றைய பொறிகளுள் சில 70 மணி நேரம் தாங்குகின்றன. டிஸ்ஸாட்டின் பவர்மேட்டிக் 80இல் அதிர்வை மணிக்கு 28,800இலிருந்து 21,600ஆகக் குறைத்து இருப்பை 80 மணி நேரமாக நீட்டினர். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் திங்கட்கிழமைக் காலையிலும் ஓடும். கடிகாரத்தை வைத்துச் சுழற்றும் மின்பெட்டிகளும் உண்டு. நாளொன்றுக்கு 650 முதல் 800 சுற்று என்பது அவற்றுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பல கடிகாரம் வைத்திருப்போர்க்கு அவை உதவலாம். ஒன்றே வைத்திருக்கும் வீட்டுக்கு அது வீண்செலவு என்பது எங்கள் கருத்து. குமிழால் முறுக்கக்கூடிய வகையாயின் இருபது முப்பது சுற்று போதுமே.

பீரோவில் இருப்பதை எடுத்துப் பார்க்க விரும்புவோர் முதலில் மெல்ல ஆட்டுக. பல்லாண்டு உறங்கியதில் எண்ணெய் உலர்ந்திருக்கும். இரவு 9 மணிக்கும் பின்னிரவு 3 மணிக்கும் இடையே தேதியைத் திருப்பலாகாது. அவ்வேளையில் தேதிச் சக்கரம் பற்களோடு இணைந்திருக்கும். பின்பு ஒரு முழுநாள் கட்டியிருந்து, இரவில் கழற்றி மேசைமேல் வைத்து, நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொள்க. முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடினால் அதை விற்க வேண்டியதில்லை. அதற்கு மிகக் குறைவாயின் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்க. அரியலூர்ப் பக்கத்தார் பின்மூடியின் இரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுதல் நலம். சுண்ணாம்புத் தூசு உள்ளே புக மயிரிழை இடைவெளி போதும்.