ஊற்றுத் தண்ணீரில் ஒரு பதினெட்டாம் பெருக்கு

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பேச்செல்லாம் ஆற்றைப் பற்றித்தான். "மேட்டூர் திறந்தாச்சா? கல்லணைக்கு வந்தாச்சா?" என்று ஆண்கள் நாற்றங்காலை நினைத்துக் கேட்பார்கள். நாங்கள் பதினெட்டாம் பெருக்கை நினைத்துக் கேட்போம். வழக்கப்படி ஜூன் 12-ம் தேதி அணை திறந்தால், மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணையை எட்டிவிடும். ஆடி 18-க்குள் ஆறு நிறைந்து ஓடும்.

என் தலை ஆடி 2017-ல் வந்தது. அந்த வருஷம் பாசனத்துக்கு மேட்டூரைத் திறந்ததே அக்டோபர் 2-ம் தேதிதான்!

வைகாசியில் கல்யாணமாகி, ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். திருவையாற்றுக்கு மேற்கே, காவிரிக் கரையிலேயே எங்கள் ஊர். பெருக்கன்று ஆற்றில் விடுவதற்காகக் கல்யாண மாலையைத் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். ஆறோ, கண்ணுக்கெட்டியவரை மணல். நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் வீட்டிலேயே குடத்துல போர் தண்ணியை வச்சுக் கும்பிட்டுடுவோம்" என்றார் பெரியம்மா.

அம்மா கேட்கவில்லை. "மாசமா இருக்கிறவளைப் போய்ப் பார்க்காம இருக்கலாமா? தண்ணி இல்லாட்டியும் அவ வீடு அதுதானே!"

ஆடியில் காவிரியம்மன் மசக்கையாக இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால்தான் புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று விதவிதமாய்ச் சாதம் கலந்து எடுத்துப் போகிறோம். வாய்க்கு எது பிடிக்குமோ, பாவம்!

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா போய் அப்போது ஆறு வருஷம். முதல் நாளே புளிக்காய்ச்சல் காய்ச்சுவது, காதோலை கருகமணி வாங்குவது, காப்பரிசி கலப்பது எல்லாம் அம்மாதான். ஆனால் படித்துறையில் மஞ்சள் கயிற்றை எடுத்ததும், யாரும் சொல்லாமலே மேல் படிக்குப் போய் நின்றுகொள்வாள். எனக்கு அதில் கோபம் உண்டு. கோபப்பட்டேனே தவிர, வாய் திறந்ததில்லை.

(காப்பரிசி தெரியாதவர்களுக்கு: பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வெல்லத்தூள், வறுத்த எள், பொட்டுக்கடலை, தேங்காய்ப்பல் சேர்த்துக் கலக்க வேண்டியதுதான். ஊறின அரிசி வெயிலில் சாயங்காலம் வரை தாங்காது, புளித்துவிடும். பிள்ளைகளுக்குக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், அதுவும் ஒரு பிடி போதும். பல் முளைக்காத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.)

அன்று பத்துப் பதினைந்து பெண்கள் மணலில் இறங்கினோம். அம்மா நேராக ஆறு வளையும் இடத்துக்குப் போனாள். அங்கே மட்டும் நாணல் பச்சையாக நின்றது. புடவையைச் செருகிக்கொண்டு, கொட்டாங்கச்சியால் தோண்ட ஆரம்பித்தாள். முழங்கால் ஆழத்தில் ஈரம். இன்னும் கொஞ்சம் தோண்டியதும் கலங்கலாகத் தண்ணீர் கசிந்தது. மூன்று தடவை இறைத்துக் கொட்டினாள். நாலாவது தடவை தெளிந்துவிட்டது!

"சின்னப் பிள்ளையில குடிக்கிற தண்ணிக்கே இப்படித்தான் தோண்டுவோம்" என்றாள்.

எல்லோரும் செம்பை நீட்டினார்கள். அம்மாதான் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஈர மணலில் பிள்ளையார் பிடித்தோம். கயிறு கட்டும் நேரம் வந்தது. அம்மா எழுந்தாள். ஆனால் மணலில் ஏது மேல் படி? அதோடு, ஊற்றின் கரை சரிந்துகொண்டே இருந்தது, விட்டால் மூடிவிடும். திரும்ப உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா எனக்குக் கயிறு கட்டியபோது அம்மா என் பக்கத்திலேயே இருந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

காப்பரிசியை வாயில் போட்டேன். வெல்ல வாசனை பட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தனை நாளாச்சு?" என்றாள், எல்லோரும் பார்க்க! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ஆத்தாளோட மசக்கை இவளுக்கு வந்துடுச்சு" என்று பெரியம்மா சொல்ல, ஒரே சிரிப்பு. மாலையை மட்டும் மணலில் போட மனசு வரவில்லை. திரும்ப எடுத்துப் போனேன்.

மறு வருஷம் கதையே வேறு. 2018 ஜூலை 19-ம் தேதி மேட்டூர் திறந்தார்கள். 23-ம் தேதி அணை 120 அடியும் நிரம்பிவிட்டது. பெருக்கன்று காவிரி இரு கரையும் தொட்டுச் சுழித்துக்கொண்டு போனாள். யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. முழங்கால் தண்ணீர்தானே என்று கால் வைத்தால் கழுத்தளவு போய்விடும். கைக்குழந்தைக்காரிகள் படியோரம் போகவே வேண்டாம். நானும் நாலு மாதக் குழந்தையோடு தள்ளித்தான் நின்றேன். என் மாலையை அவர்தான் எட்டி நின்று ஆற்றில் விட்டார். தெருவில் பிள்ளைகள் சப்பரம் இழுத்து ஒரே சத்தம்.

படைத்து முடிந்து பெரியம்மா கயிற்றை எடுத்தார். அம்மா வழக்கம்போல மேல் படிக்கு ஏறினாள். நான் குழந்தையோடு பின்னாலேயே ஏறிப் போய், கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். "நீயே கட்டும்மா."

அம்மா கீழே பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா ஒரு கையால் கற்பூரத்தைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை மேலே நீட்டினார். "சீக்கிரம் கட்டேன், கற்பூரம் அணையுது!"

அம்மாவின் விரல் நடுங்கியது. மூன்று முடிச்சுக்கு நாலாகப் போட்டுவிட்டாள், அதுவும் இறுக்கி. அடுத்த ஆடியில் அதை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல்தான் எடுக்க வேண்டியிருந்தது.