காலி சிலிண்டருக்கு எவ்வளவு ஈயம்?

சைட்மவுண்ட் பழகப்போகிறேன் என்றதும் டைவிங் நண்பர்கள் கேட்டது ஒன்றுதான்: "எந்த கம்பெனி ஹார்னஸ் வாங்கப்போற?" ஹார்னஸை நான் கடைசியாகத்தான் வாங்கினேன். முழுகப்போகிற ஊரில் என்ன சிலிண்டர் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு.

தெரியாதவர்களுக்கு: வழக்கமாக முதுகில் மாட்டும் சிலிண்டரை, சைட்மவுண்டில் உடம்புக்கு இரண்டு பக்கமும், அக்குளிலிருந்து இடுப்பு வரை கிடத்திக்கொள்கிறோம். 1960களில் இங்கிலாந்தின் குகைக்காரர்கள் தொடங்கிவைத்த பழக்கம். தவழ்ந்து போகிற குகையில் திடீரென்று வழியைத் தண்ணீர் மறிக்கும். அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்க, சின்ன சிலிண்டரை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பிறகு அது ஃப்ளோரிடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் போனது. எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் முதுகுவலி. இரட்டை சிலிண்டரைச் சுமந்து நடக்க வேண்டாம்; ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குக் கொண்டுபோய் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். வால்வுகளும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். எங்கே கசிகிறது என்று பார்த்துக் கையாலேயே மூடலாம்.

ஃப்ளோரிடா குகைகளில் ஸ்டீல் சிலிண்டர்கள் அதிகம். காலியானாலும் மூழ்குகிற கனம். அவற்றைத் தாங்கப் பெரிய காற்றுப்பை வேண்டும், அதாவது பெரிய விங். சிலிண்டரின் அடிப்பக்கத்தை மாட்டப் புட்டத்தருகே அகலமான தகடு வேண்டும். மெக்ஸிகோவின் யுகாத்தான் பகுதியில், செனோத்தே எனப்படும் நீர்க்குகைகளில், பெரும்பாலும் அலுமினியம். அதற்கு மெல்லிய பட்டைகளும் சின்ன விங்கும் போதும். ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றுக்கு மாட்டினால் தண்ணீருக்குள் ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அலுமினியத்தின் குணம் அப்படி. 11.1 லிட்டர் சிலிண்டர் ஒன்று நிரம்பியிருக்கும்போது கடலில் அரைக் கிலோவுக்குச் சற்று மேலான கனத்தோடு மூழ்கும். காலியானால் சுமார் 2 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். காற்றுக்கும் எடை உண்டு. இரண்டு சிலிண்டரையும் 200 பாரிலிருந்து 50 பார் வரை குடித்தால் ஏறக்குறைய 4 கிலோ குறைந்துவிடும். சிலிண்டரின் வால் மெல்ல மேலே தூக்கும். அப்போது பின்னாலிருக்கும் கொக்கியை இடுப்பின் முன்வளையத்துக்கு மாற்றி மாட்ட வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து மூச்செடுத்தால் உடம்பு சாயும். அதனால் ரெகுலேட்டரை மாற்றி மாற்றிக் கடிக்கிறோம்.

அப்படியானால் ஈயம் எவ்வளவு? "ஒரு ரெண்டு கிலோ சேத்துப் போட்டுக்கோடா, சட்டுனு கீழ போயிரலாம்" என்பது படகில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. கீழே போவது உண்மைதான். ஆனால் அந்த 2 கிலோவைச் சமன்செய்ய விங்கில் 2 லிட்டர் காற்றை ஏற்ற வேண்டும். 10 மீட்டரில் ஏற்றிய 2 லிட்டர், வெளியே விடாமல் மேலே வந்தால் மேல்மட்டத்தில் 4 லிட்டர். எடை கூடக்கூட, அடக்க வேண்டிய காற்றும் கூடும்.

கணக்கை முடிவிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு சிலிண்டரிலும் 50 பார் மட்டும் மிச்சம், 5 மீட்டர் ஆழம், விங்கில் காற்றே இல்லை. அந்த நிலையில் சாதாரணமாக மூச்சுவிட்டபடி அசையாமல் நிற்க எவ்வளவு ஈயம் வேண்டுமோ அவ்வளவு. தொடக்கத்தில் கூடுதலாக இருக்கும் 4 கிலோவை விங் பார்த்துக்கொள்ளும்.

குகையில் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. நல்ல நாளில் மூன்றாவது பங்கைத் தொடவே மாட்டோம். அதைத் தொடுகிற நாளில் ஏதோ தப்பாகியிருக்கும். வழிக்கயிறு கைநழுவியிருக்கலாம், கூட வந்தவர் என் ரெகுலேட்டரில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கலாம். நான் மிக லேசாகிற நேரமும் அதுதான். ஈயம் குறைவென்றால் அப்போது கூரையோடு ஒட்டிக்கொள்வேன்.

கடலில் சரியாக இருந்த கணக்கு செனோத்தேயில் செல்லாது. உப்புநீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி. கருவிகளோடு 100 கிலோ இருக்கும் ஒருவர் நன்னீரில் 2.5 கிலோ ஈயத்தைக் கழற்ற வேண்டும். கடலோரக் குகைகளில் மேலே நன்னீர், கீழே உப்புநீர். இரண்டும் சேரும் அடுக்கு கண்ணாடி கலங்கியதுபோல் மங்கலாகத் தெரியும். அதைத் தாண்டி இறங்கியதும் உடம்பு மேலே எம்பும். உப்புநீர் வரை போகும் திட்டமிருந்தால் ஈயத்தையும் அதற்கேற்ப வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? என்னுடையவை முதுகுத்தண்டை ஒட்டிய பட்டையில், 1 கிலோ கட்டிகளாக. குகையில் ஈயம் தவறி விழுந்தால் ஆபத்து என்பதால் எளிதில் கழலாதபடி கோத்திருக்கிறேன். திறந்த கடலில் அவசரத்துக்குக் கழற்றிவிட ஒரு பகுதியாவது கைக்கெட்ட வேண்டும், அதனால் அங்கே இடுப்புக்கு மாற்றுகிறேன். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள், படகிலிருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். இறங்க மட்டுமே அவர்களுக்குக் கல் தேவைப்பட்டது. எனக்கோ இறங்கியது முதல் ஏறும்வரை அதே ஈயம்.

ஒவ்வொரு முழுக்குக்கும் என் நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன்: எந்த சிலிண்டர், எந்த உடை, என்ன தண்ணீர், எத்தனை கிலோ, 50 பாரில் எப்படி நின்றேன். புது ஊருக்குப் போனால் படகில் யாரும் சொல்வதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.