வலியை நிறுக்கும் தராசு

தங்கத்தை நிறுக்கக் குன்றிமணி போதும். பொற்கொல்லர் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக அதுதான் எடைக்கல். வலியை எதை வைத்து நிறுப்பது? கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இந்தக் கேள்வி தத்துவ வகுப்போடு முடிந்துபோவதில்லை.

ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1789ல் வெளியிட்ட நூலில், இன்ப துன்பங்களைக் கணக்கிட ஏழு அளவைகளைச் சொன்னார்: தீவிரம், நீட்சி, உறுதி, அண்மை, வளம், தூய்மை, பரப்பு. ஒரு செயல் யாரையெல்லாம் தொடுகிறதோ அவர்கள் எல்லோருக்கும் இன்பத்தை வரவாகவும் துன்பத்தைச் செலவாகவும் எழுதிக் கூட்டினால், அது நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும் என நம்பினார். எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் 1881ல் ஒரு படி மேலே போய், மனிதன் கணந்தோறும் அனுபவிக்கும் இன்பத்தைப் பதிவு செய்யும் கருவியையே கற்பனை செய்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைத்திருந்தது.

வரவுப் பக்கம் பெரியது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம். பெங்களூருக்கும் முன்பாக, 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம். செலவுப் பக்கத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கம், சுடும் பாறை, திடீரென்று வெடித்துச் சிதறும் சுவர்கள், நுரையீரலில் படியும் கல்தூசு. கூண்டில் ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித்துகள்.

சட்டமும் ஒரு தராசு வைத்திருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், பின்னாளில் திருத்தப்பட்ட அட்டவணைப்படி, கட்டைவிரல் போனால் 30 சதவிகித இழப்பு. ஒரு கண் போய் மறுகண் நன்றாக இருந்தால் 40. அது அளந்தது சம்பாதிக்கும் திறனை, வலியை அல்ல.

பெந்தத்தின் கணக்கை நேர்மையாகப் போட்டிருந்தால் இத்தோடு நின்றிருக்க முடியாது. சிலிகோசிஸ் சுரங்கத்தை விட்டு வந்த பிறகும் முற்றும், அது நீட்சி. மூச்சு வாங்கும் அப்பாவால் மகனின் படிப்பு நிற்கும். துன்பம் துன்பத்தை ஈனும் வளம் அது. பரப்பில் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். ஆக, தவறு கணக்குப் போட்டதில் இல்லை. பாதியிலேயே கணக்கை முடித்ததில் இருக்கிறது.

ஆனால் முழுக் கணக்கையும் போடுவது யார்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இரண்டு வாழ்க்கைகளில் எது மேல் என்பதை இரண்டையும் அனுபவித்தவர்தான் சொல்ல முடியும் என்று 1861ல் எழுதினார் பெந்தத்தின் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில். 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

தங்கத்தை எடுக்கும் செலவு அதன் விலையைத் தாண்டிவிட்டது என்று 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. மூடக் கூடாது என்று போராடியவர்கள், அதன் வலியை அதிகம் சுமந்த தொழிலாளர்களேதான். சுரங்கத்தில் வலி குறைவு என்பதல்ல இதன் பொருள். வேலையில்லாத வீடும், விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி தேடிப் போவதும் அதைவிடக் கனமாக இருந்தன. மில் கேட்ட நடுவர்கள் அவர்கள்தான். தீர்ப்போ வேறிடத்தில் எழுதப்பட்டது.

சுரங்கம் விட்டுச்சென்ற சயனைட் மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. புதிய கணக்கு தொடங்குகிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மேடுகளின் தூசு படிவது லைன் வீடுகளின் சோற்றுப் பானைகளில். இந்த முறையாவது அந்த வீடுகளில் கேட்டுவிட்டுத் தராசைத் தூக்கலாம்.