ஆஞ்சானும் தாமானும்

பாய்க்கப்பல் என்றவுடன் நம் மனக்கண்முன் முதலில் விரிவது அதன் பாய். அடுத்து நிமிர்வது அதன் மரம். கயிற்றை நினைப்பார் அரியர். ஆயினும், காற்றின் வலிமையைக் கலத்தின் ஓட்டமாக மாற்றித் தருவதில் கயிற்றுக்குரிய பங்கு சிறிதன்று. கயிறு இல்லையேல் பாய் வெறுந் துணி; மரம் வெறுங் கம்பம்.

கப்பற் கயிறுகளை இரு வகையாகப் பகுத்து நோக்கலாம். மரம் சாயாதவாறு இழுத்துக் கட்டப்பட்டு, அசையாது நிற்பவை ஒரு வகை. பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் கப்பிகளினூடாக ஓடித் திரிபவை மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையுள், பாயை மரத்தில் மேலேற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும், பாயின் கீழ்மூலையைப் பற்றி இழுத்து அதைக் காற்றுக்கேற்ப நிறுத்தும் கயிற்றைத் தாமான் என்றும் தமிழ் மாலுமிகள் வழங்கினர். மரத்தின் குறுக்கே பாயைத் தாங்கும் கட்டைக்குப் பருமல் என்பது பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொற்களுக்குப் பொருள் தருகின்றது. ஆனால், ஆஞ்சானின் எந்த இடம் முதலில் தேயும் என்பதை அகராதி கூறாது. அது கைகளுக்கு மட்டுமே தெரிந்த செய்தியாகும்.

ஓடுகின்ற கயிறு தேயும் என்பது இயல்பு. அது கயிறு முழுவதிலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பாய் முழுமையாக ஏறி நிற்கும்போது உச்சிக் கப்பியின்மேல் எப்பகுதி தங்குகின்றதோ, அப்பகுதியே அலையின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அரைபட்டு நலிவுறும். எனவே, பழுது காணுமுன்னரே கயிற்றைத் தலைமாற்றிப் போடுவதும், நலிந்த முனையைச் சிறிது வெட்டித் தேய்விடத்தை நகர்த்துவதும் மாலுமிகளின் வழக்கம். அதற்கும் மேலானால் புதுக்கயிறு போட வேண்டியதே. கடல் நடுவில் ஆஞ்சான் அறுந்தால் பாய் வீழும். காற்று மிகுந்த வேளையில் தாமான் அறுந்தால் பாய் கட்டுக்கடங்காது அடித்துக் கிழியும்.

புதுக்கயிறு போடுமிடத்துத் தொழில் அறியாதவன் முதலிற் செய்யக்கூடியது, பழங்கயிற்றை உருவி எறிவதாகும். அவ்வாறு எறிந்துவிட்டால், புதிய கயிற்றைக் கோப்பதற்கு ஒருவன் மரத்தின் உச்சிவரை ஏற வேண்டும். தொழில் அறிந்தவன் பழங்கயிற்றை அதன் இடத்திலேயே விட்டு, அதன் முனையோடு புதுக்கயிற்றின் முனையைச் சேர்த்துத் தைப்பான். முடிச்சுப் போட்டால் அது கப்பியிற் சிக்கும். ஆதலால் இணைப்பு கயிற்றின் பருமனை மிஞ்சாதிருத்தல் அவசியம். பின்னர் பழங்கயிற்றின் மறுமுனையை மெல்ல இழுக்க, அது தான் ஓடிய வழியே புதியதையும் அழைத்துச் சென்று, கப்பியைக் கடத்தி, கீழே இறக்கிவிட்டே விடைபெறும். புதுக்கயிற்றின் நீளத்துக்கு அளவுகோலும் பழங்கயிறே. எல்லாக் கயிறுகளையும் ஒருங்கே கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவதும் நன்று. எது எங்கே ஓடியது என்னும் நினைவு அதனால் தவறாது.

இத்தகைய அறிவு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் எத்துணை உயர்ந்த நிலையில் விளங்கியது என்பதற்கு ‘அன்னபூரணி’ சான்று பகரும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட இப்பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். அவர் 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்னும் சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். கலங்களின் தரம் அறிந்தவர். ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றப்பெற்ற அக்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் 1937இல் இலங்கையிலிருந்து புறப்பட்டு, ஏடன், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பெர்முடா ஆகியவற்றைக் கடந்து, 1938 ஓகஸ்ட் மாதத்தில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

இரு மரங்களையுடைய அக்கப்பலின் முன்மரத்திற் குறுக்குப் பாய்களும் பின்மரத்தில் நெடுக்குப் பாயும் அமைந்திருந்தன. குறுக்குப் பாய் ஒன்றுக்கே ஏற்றுவதற்கு ஒரு கயிறு, பருமலின் இரு நுனிகளையும் திருப்புவதற்கு இரண்டு, கீழ்மூலைகளை இழுப்பதற்கு இரண்டு, பாயைச் சுருக்குவதற்கு மேலும் சில எனக் கயிறுகள் வேண்டும். இவை அனைத்தையும் நள்ளிருளில், கண்ணாற் காணாது, கையாலேயே இனங்காண வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட அப்பயணத்தை எண்ணுமிடத்துக் கப்பலின் பெயரோடு அதன் கயிறுகளைக் காத்த கைகளும் நினைக்கப்பட வேண்டியவை என்பது புலனாகும்.

கயிற்றின் வரலாறும் அதே ஆண்டில் ஒரு திருப்பத்தை அடைந்தது. அதுவரை கீழைக்கடல்களில் ஓடிய கலங்கள் தென்னந்தும்புக் கயிற்றையும், பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலாக் கயிற்றையும் பெரிதும் நம்பியிருந்தன. தும்புக்கயிறு உவர்நீரைத் தாங்கும், நீரில் மிதக்கும், இழுவைக்கு நெகிழ்ந்து கொடுக்கும். வலிமையில் மணிலாவே மேலானது. தும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ‘கயிறு’ என்னும் நம் சொல்லின் இனத்திலிருந்து பிறந்ததே. 1938 ஒக்ரோபரில், அன்னபூரணி குளொஸ்ரரை அடைந்து மூன்று மாதங்கள் கழியுமுன், நைலோன் இழை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1941இல் இங்கிலாந்திற் பொலியெஸ்ரர் இழை கண்டுபிடிக்கப்பட்டது. நைலோன் மிக நீளும். ஆகவே நங்கூரக் கயிற்றுக்கு உகந்தது. ஆஞ்சான் நீண்டால் பாய் தளரும். அதற்கு நீளாத பொலியெஸ்ரரே ஏற்றது. இன்று உலகைச் சுற்றும் உல்லாசப் பாய்க்கலங்களிற் பெரும்பாலும் ஓடுவது அதுவே. பொருள் மாறிற்று, பழையதன் முனையிற் புதியதைத் தைத்து இழுக்கும் முறை மாறவில்லை.

குடாநாட்டிலோ பொருளும் மாறிற்று, தொழிலும் அற்றது. இயந்திரக் கப்பல்களின் வருகையும், 1948இன் பின் பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் இடையே இறுகிய கடவுச்சீட்டு, சுங்கக் கட்டுப்பாடுகளும் பாய்க்கப்பல் வணிகத்தை ஒடுக்கின. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் கடலையே மக்களுக்கு அந்நியமாக்கிற்று. இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். அவை செல்வது இயந்திர வலுவால். அவற்றிலும் கயிறு உண்டு. ஆனால், ஆஞ்சான் இல்லை, தாமான் இல்லை. பழங்கயிறு உருவப்பட்டபோது அதன் முனையிற் புதியது எதுவும் தைக்கப்படவில்லை.

இழை முற்றாக அறுந்துவிட்டது எனவும் கூறுதற்கில்லை. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரும் பட்டங்களை நோக்குவார் இதனை உணர்வர். முச்சை கட்டும் இளைஞன், காற்றுக்கு முகங்கொடுக்கும் கோணத்தை நூலின் நீளத்தால் அளந்தே தீர்மானிக்கின்றான். தாமானைப் பிடித்த தண்டையலின் கணக்கும் அடிப்படையில் அதுவேயாகும்.

பழங்கலைச் சொற்களைத் திரட்டுவது தமிழ் பயில்வோர் கடமை என்று அடிக்கடி கூறப்படுகின்றது. சொல்லை மட்டும் திரட்டினால் அது கப்பியிலிருந்து கழன்ற கயிறு போலச் சுருண்டு கிடக்கும். கடலோடிய குடும்பங்களின் முதியோரிடம் செல்லும் மாணவர், குறிப்பேட்டோடு ஒரு பாகம் கயிற்றையும் எடுத்துச் செல்வாராக. பெயரைக் கேட்பதோடு நில்லாது, அந்த இணைப்பைத் தைத்துக் காட்டுமாறும் வேண்டுவாராக. பழைய முனை ஒருவர் கையிலேனும் எஞ்சியிருக்கும்வரை, உச்சிவரை ஏறாமலே புதியதைக் கோத்துவிடலாம்.