பழைய வண்டி என்றால் அப்படித்தானா?



அடுக்களையில் எரிவாயு நெடி அடித்தால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? மின்விளக்கின் பொத்தானைத் தொடுவதில்லை. சன்னல்களைத் திறக்கிறார்கள், சிலிண்டரை மூடுகிறார்கள், குழந்தைகளை வெளியே அனுப்புகிறார்கள். ஆனால், அதே வீட்டின் வாசலில் நிற்கும் பழைய காரிலிருந்து பெட்ரோல் நெடி வந்தால் மட்டும், "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அதிலேயே ஏறி அமர்ந்து பயணம் புறப்படுகிறோம். இந்தச் சமாதானம் எவ்வளவு ஆபத்தானது என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தின் வாயிலாக உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காயல்பட்டணத்திலுள்ள எங்கள் வீட்டில் 1984-ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 4 ஒன்று இருக்கிறது. மர்ஹூம் வாப்பா அவர்கள் ஆசையாக வாங்கிய வண்டி. எங்கள் ராத்தாவின் திருமணத்திற்கு மாப்பிள்ளையை அழைத்து வந்ததும் அதுதான். நள்ளிரவில் உம்மாவைத் தூத்துக்குடி மருத்துவமனைக்குக் கொண்டு சென்று உயிர் காத்ததும் அதுதான். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியிலிருந்து தயாரித்து வந்த இந்த வண்டியின் உற்பத்தி, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோனது. ஆனால் எங்கள் வீட்டில் அதன் ஓட்டம் நிற்கவில்லை.

சென்ற ஆண்டு, எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து வரும் நெடியை முதலில் உணர்ந்தவர் என் துணைவியார். திறந்து பார்த்தால், கார்புரேட்டரின் அடிப்பகுதி நனைந்திருந்தது. வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். அவர்கள் இணைப்பு விளிம்பைச் சுற்றி ஒட்டுப்பசையைப் பூசி, திருகாணிகளை இறுக முடுக்கி, "இனி ஒரு சொட்டும் வராது" என்று கூலி வாங்கிக்கொண்டார்கள். இரண்டே வாரங்களில் கசிவு திரும்பி வந்தது.

செய்தி சென்னை மண்ணடியில் வணிகம் செய்யும் என் காக்காவை எட்டியது. "பிள்ளைகள் ஏறுகிற வண்டி. ஒரு மாதத்தில் சரியாகவில்லை என்றால் இரும்பு விலைக்குக் கொடுத்துவிடு" என்றார். உம்மாவோ, "உங்கள் வாப்பா இருந்தால் கொடுப்பார்களா?" என்று கண் கலங்கினார்கள். வாப்பாவின் நினைவு பெரிதா, பேரப்பிள்ளைகளின் உயிர் பெரிதா? காக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. கசிவு நிற்கும்வரை அந்த வண்டியில் எவரும் ஏறக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் எரிபொருள் உள்ளே போகும் வழியும், எரிந்த புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. கார்புரேட்டரிலிருந்து சொட்டும் பெட்ரோல், கொதிக்கும் புகைக்குழாயின் மேலேயே விழுந்து ஆவியாகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் தாழ்வான இடத்தில் தங்கிவிடும். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும் திரவம் அது. நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? பழுதான மின்கம்பி ஒன்றின் பொறி போதும், வண்டி முழுவதும் எரிந்துபோக!

கார்புரேட்டரின் உள்ளே

மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உயர உயரப் பந்தும் உயர்ந்து, குழாயை அடைத்துவிடும். கார்புரேட்டரின் வேலையும் பாதி இதுவேதான். பெட்ரோல் வந்து நிற்கும் சிறு அறை ஒன்று. அதில் மிதவை ஒன்று. மிதவை உயர்ந்ததும் வழியை அடைக்க ஊசி வால்வு ஒன்று. மீதிப் பாதி வேலை காற்றினுடையது. குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. ஜெட் எனப்படும் நுண்துளை வழியே பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது.

எனவே, கசிவுக்குக் காரணம் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஊசி தேய்ந்திருக்கலாம், மிதவையில் ஓட்டை விழுந்து அது மூழ்கியிருக்கலாம், மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பேக்கிங் காய்ந்திருக்கலாம், முடுக்கியை மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீச்சும் சிறு பம்பின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். நம் காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்து பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரையும் தக்கையையும் நாளடைவில் கெடுக்கும். 1984-இல் செய்த வண்டி இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று.

பிரித்தோம், கண்டோம்

தூத்துக்குடியில் பட்டறை நடத்தி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எங்கள் வீட்டிற்கே வந்து வழிகாட்ட இசைந்தார். 2000-ஆம் ஆண்டையொட்டிப் புதிய கார்களில் எரிபொருளைப் பீச்சும் முறை வந்துவிட்டதால், கார்புரேட்டரைப் பிரிக்கத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. வந்தவர் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றச் சொன்னார். மணல் வாளியும் தீயணைப்பு உருளையும் பக்கத்தில் வைத்த பிறகே ஸ்பானரைத் தொட்டார். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். எனவே தண்ணீர் வாளியால் பயனில்லை என்று என் மகனுக்கு எடுத்துச் சொன்னார்.

சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி, காற்றோட்டமான திண்ணையில் பழைய தாம்பாளம் ஒன்றில் வைத்தோம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் மகன் கைப்பேசியில் படம் பிடித்தான். முதலில் கண்ணில் பட்டது பட்டறைக்காரர்கள் பூசிய பசை. பெட்ரோலில் ஊறி நைந்து, அதன் துணுக்குகள் மிதவை அறையின் அடியில் கிடந்தன. அவற்றில் ஒன்று ஜெட்டில் சிக்கியிருந்தால் வண்டி நடுவழியில் நின்றிருக்கும்!

பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினார் பெரியவர். உள்ளே திரவ ஓசை இல்லை. வெந்நீரில் அமிழ்த்தினார்; குமிழி வரவில்லை. ஆக, மிதவை நலமே. (ஓட்டை இருந்தால், உள்ளே பெட்ரோலோ அதன் ஆவியோ இருக்கும்போது ஈயம் பற்றவைக்கவே கூடாது, வெடித்துவிடும்.) ஊசி வால்வின் கூம்பு முனையில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவு வளையம் தேய்ந்திருந்தது. பம்பின் சவ்வை வெளிச்சத்தில் பிடித்தபோது மயிரிழை வெடிப்புத் தெரிந்தது. மூடியைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்தபோது அது ஆடியது. திருகாணிகளை அளவுக்கு மீறி முடுக்கியதில் அந்த மெல்லிய உலோகம் வளைந்திருந்தது. ஒரு கசிவுக்கு மூன்று காரணங்கள்!

சீரமைத்த விதம்

கண்ணாடித் தகட்டின்மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, மூடியின் விளிம்பை வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துச் சமன்படுத்தினோம். அரை நாள் பிடித்தது. ஜெட்டுகளைக் கம்பியால் குத்த அவர் இசையவில்லை. சோலெக்ஸ் ஜெட்டின்மேல் பொறித்துள்ள எண், துளையின் அளவை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகளில் குறிக்கிறது. 120 என்றால் 1.20 மி.மீ. அத்தகைய துளையில் இரும்புக் கம்பி நுழைந்தால் அளவு கெடும். வண்டி வீணாகப் பெட்ரோலைக் குடிக்கும். எனவே தின்னரில் கழுவி, காற்றால் ஊதியதோடு நிறுத்தினோம்.

ஊசி வால்வைப் புதிதாக மாற்றினோம். அதன் அடியிலுள்ள வாஷரின் கனம்தான் பெட்ரோல் நிற்கும் மட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பதால் பழைய கனத்திலேயே புதியது போட்டோம். பேக்கிங்கும் சவ்வும் மாறின. பெட்ரோல் குழாயாக எத்தனாலைத் தாங்கும் ரப்பரை வாங்கினோம். பசை ஒரு துளியும் இல்லை. திருகாணிகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கச் சொன்னார். "பிடித்தால் போதும், தம்பி. நசுக்க வேண்டாம்" என்பதே அவர் சொன்ன அளவு.

அடியில் வெள்ளைத் தாளை விரித்து, எஞ்சினை அரைமணி நேரம் ஓட்டி நிறுத்தினோம். தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுநாள் காலையிலும், ஒரு வாரம் கழித்தும் அப்படியே.

பெருநாளுக்கு வந்த காக்கா மூடியைத் திறந்து, குனிந்து, நெடுநேரம் முகர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு நிபந்தனைகள் விதித்தார். தீயணைப்பு உருளை வண்டியிலேயே இருக்க வேண்டும்; மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பின்னரே தம் பேரனைத் தூக்கி முன் இருக்கையில் தம் மடியில் அமர்த்திக்கொண்டார். உம்மா எதுவும் சொல்லவில்லை. பின் இருக்கையில் தம் பழைய இடத்தில் போய் அமர்ந்துகொண்டார்கள்.

நேயர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் இருக்கலாம். கார்புரேட்டர் உள்ள பழைய மோட்டார் சைக்கிளாவது இருக்கலாம். நெடி வந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். எஞ்சின் ஆறிய பின் பாருங்கள். பசை பூசுபவரிடம் கொடுக்காதீர்கள். பிரித்துக் காரணத்தைக் காட்டுபவரிடம் கொடுங்கள். அவர் பிரிக்கும்போது உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். அந்தப் பெரியவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. எங்கள் வண்டியின் கார்புரேட்டரை அடுத்த முறை பிரிக்கப் போவது என் மகன்தான்.