கடலுக்கடியில் ஏழு நிமிடம்

டைவிங் போறேன்னு சொன்னப்பவே அம்மா கேட்டாங்க, "தூத்துக்குடியில பொறந்து வளர்ந்துட்டு, காசு குடுத்து கடல்ல முங்கணுமா?" நியாயமான கேள்விதான் :-)

பெங்களூர்லேர்ந்து ராத்திரி பஸ் பிடிச்சா காலையில முருடேஸ்வர். அங்கேர்ந்து படகுல ஒன்றரை மணி நேரம் போனா நேத்ராணி தீவு. ஆளே இல்லாத பாறைத் தீவு. தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சா டைவிங்கை நிறுத்திடுவாங்க. நாங்க போனது 2019 மே மாசம், சீசன் முடியற நேரம். அலை பெருசாத்தான் இருந்தது. என்னோட வந்தவர் ஆபீஸ் நண்பர், கோட்டயத்துக்காரர். வயசுல மூத்தவர், எனக்கு "சேட்டன்".

தண்ணிக்குள்ள ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கணும். காணாமப் போயிட்டா ஒரு நிமிஷம் தேடு, கிடைக்கலைன்னா மெதுவா மேல வந்துடு. படகுல இன்ஸ்ட்ரக்டர் இதை மூணு தடவை சொன்னார். மூணு தடவையும் தலையாட்டினேன்.

14 மீட்டர் ஆழம். கடல் கலங்கி இருந்ததால அஞ்சாறு மீட்டருக்கு அப்பால எதுவும் தெரியலை. ஒரு பாறை இடுக்குல விலாங்கு ஒண்ணு வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தது. என் கையில புது கேமரா. ஒரு படம், இன்னொரு படம், கொஞ்சம் பக்கத்துல போய் இன்னொண்ணு... திரும்பிப் பார்த்தா யாரும் இல்லை.

ஒரு நிமிஷம் தேடிட்டு மேல வந்திருக்கணும். நான் வரலை. "இப்பத்தானே போனாங்க, பிடிச்சிடலாம்"னு நீந்த ஆரம்பிச்சேன். அதுவும் தப்பான திசையில. அலை என்னைப் பாறைப் பக்கம் தள்ளிட்டுப் போய் இழுத்துட்டு வந்தது. அப்ப முதுகுல ஏதோ பிடிச்சு இழுத்த மாதிரி இருந்தது. யாரோ விட்டுட்டுப் போன பழைய வலை, சிலிண்டர் வால்வுல மாட்டியிருந்தது.

பக்கத்துல ஒருத்தர் இருந்தா அரை நிமிஷ வேலை, எடுத்து விட்டுடுவார். ஆனா அந்த இடம் என் கைக்கு எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. கத்தியும் இல்லை. சிலிண்டரைத் தட்டிப் பார்த்தேன். தண்ணிக்குள்ள சத்தம் காத்துல போறதை விட நாலு மடங்கு வேகமாப் போகும். அதனாலேயே எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு காதால கண்டுபிடிக்க முடியாது.

பயந்தா மூச்சு வேகமாகும். 14 மீட்டர்ல அழுத்தம் மேல இருக்கறதைப் போல 2.4 மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டர்ல அவ்வளவு மடங்கு காத்து செலவாகும். 110ல இருந்த முள் 70க்கு வந்துடுச்சு. முன்னால திமிறத் திமிற வலை இறுகுச்சு. கடைசில களைச்சுப் போய்த்தான் நின்னேன். நின்னதும் ஒரு அலை என்னைப் பின்னால தள்ளுச்சு, வலை தளர்ந்துடுச்சு. என் திறமைன்னு அதுல ஒண்ணுமே இல்லை.

அப்படியே மேல பாய்ஞ்சிடலாம்னு தோணுச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறினா உள்ளே இருக்கற காத்து விரிஞ்சு நுரையீரல் கிழியும். வேகமா ஏறினா ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் குமிழாகும். மூச்சை விட்டுக்கிட்டே மெதுவா ஏறினேன். 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கணும், ஒண்ணரை நிமிஷம்தான் நின்னேன். மேல வந்தா படகு ரொம்ப தூரத்துல. அலைக்கு நடுவுல ஒரு தலை அவங்க கண்ணுக்குத் தெரியாது. ஜாக்கெட்ல இருந்த விசிலை ஊதி ஊதித்தான் என்னைக் கண்டுபிடிச்சாங்க. தனியா இருந்தது மொத்தம் ஏழு நிமிஷம்.

படகுல ஏறினா சேட்டன் இல்லை. ஒரு நிமிஷம் தேடிட்டு ஒழுங்கா மேல வந்தவர், என்னைக் காணலைன்னதும் மிச்சமிருந்த காத்தோட இன்ஸ்ட்ரக்டர் கூட மறுபடி இறங்கிட்டாராம். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் படகு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்த ஏழு நிமிஷத்தை விட அது மோசம்.

ஏறி வந்தவர் திட்டலை. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னார், "எடா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க உண்டு. இன்னிக்கு உனக்காக அந்தக் கலங்கல்ல திரும்ப இறங்கினேன். அடுத்த தடவை இறங்க மாட்டேன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா இறங்குவேன். அதனால நீதான் பார்த்துக்கணும்."

தனியா டைவ் பண்றதுக்குன்னே பயிற்சி இருக்கு. அதுல சேரவே 100 டைவ் முடிச்சிருக்கணும். அவங்களும் தனியா இன்னொரு சிலிண்டர், கத்தி எல்லாம் கட்டிக்கிட்டுத்தான் இறங்குவாங்க. எனக்கு அன்னிக்கு அது 11வது டைவ்.

நடந்ததை அம்மாகிட்ட ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னேன். முத்துக் குளிச்ச காலத்துல முங்கறவனுக்கு மேல படகுல கயிறு பிடிக்க ஒரு ஆள் இருப்பான், கயிறு ஆடினா இழுத்துடுவான்னு சொன்னாங்க. ஊர்ல இருந்தவரைக்கும் நானும் கேட்ட கதைதான்.

இப்பவும் டைவிங் போறேன், சேட்டன் கூடத்தான். கேமராவை எடுத்துட்டுப் போறதில்லை.